பச்சை ஜி.டி.ஓ. மலையிறங்கியது

டென்வரில் டாக்டர் சொன்னதைப் பற்றி எமில் ப்ரெசெக் ஊருக்குத் திரும்பி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் மனைவி நோரீன்தான் மறுவாரம் என் கடைக்கு வந்து சொன்னாள். லெட்வில்லில் சைலன்சர் கடை வைத்திருப்பவன் நான். நோரீன் கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். லாரியின் புகைக்குழாய் துருப்பிடித்து விழும்போதெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவாள். அன்றைக்கு லாரி இல்லாமல் நடந்தே வந்திருந்தாள்.

"ராய்ஸ், அவன கீழ கூட்டிட்டுப் போயிடச் சொல்லிட்டாங்க" என்றாள். "இந்த உயரத்துல அவன் நுரையீரல் தாங்காதாம். இன்னொரு பனிக்காலம் இங்க இருந்தா நான் பொறுப்பில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எங்கள் ஊர் பத்தாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் ஹோட்டல் மாடிப்படி ஏறிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு அது வேடிக்கை. எமில் இங்கேயே பிறந்தவன். வேலை பார்த்த காலமெல்லாம் சுரங்கத்தில், அந்தக் காலமெல்லாம் வாயில் சிகரெட். இப்போது மூக்கில் பிளாஸ்டிக் குழாய். சமையலறை மூலையில் ஆக்சிஜன் எந்திரம் பகலெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும்.

"எமில் என்ன சொல்றான்?"

"வர முடியாதுங்கறான். கீழ கேன்யன் சிட்டியில வீடு பாத்து முன்பணமே குடுத்துட்டேன். அதுக்கு ஒரே சண்ட. கடைசியில என்ன சொன்னான் தெரியுமா? 'வந்தா என் ஜி.டி.ஓ.வுல வருவேன், இல்லன்னா சவப்பெட்டியில வருவேன்'னான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஜி.டி.ஓ.வை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. அறுபத்தொன்பதாம் வருடத்துப் பாண்டியாக் கார். கரும்பச்சை நிறம். கல்யாணத்துக்கு முன்பு எங்கோ மரத்தில் மோதி நசுங்கிக் கிடந்ததை வாங்கி, எஞ்சினை நட்டு நட்டாகப் பிரித்துக் கட்டியவன் எமில். ஹாரிசன் அவென்யூவில் அவன் பெடலை மிதித்தால் கடைக் கண்ணாடிகள் அதிரும். ஆனால் அந்த வண்டி வெளியே வந்து இரண்டு கோடைகள் ஆகிவிட்டன. கடைசியாக எடுத்தபோது உள்ளே பெட்ரோல் வாடையும் புகையும் நிறைந்து, ட்வின் லேக்ஸ் திருப்பத்துக்குப் போவதற்குள் இருமி இருமி அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. நோரீன் சாலையோரம் நிறுத்தி, கல்லின் மேல் உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது.

"உன் வாய அடைக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கான், நோரீன். அதுல ஏற முடியாதுன்னு அவனுக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். ஆனா சொல்லிட்டான்ல. நான் பிடிச்சுக்கிட்டேன். இப்ப சொல்லு, அந்த வண்டிய எப்படிச் சரி பண்றது?"

கார்புரேட்டர்தான் சிக்கல் என்று விளக்கினேன். காற்றின் கூடப் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. எவ்வளவு பெட்ரோல் என்பதை உள்ளேயிருக்கும் 'ஜெட்' என்ற சிறு துவாரங்கள்தான் முடிவு செய்யும். இங்கே காற்று மெலிந்தது, அதனால் எமில் துவாரங்களைச் சின்னதாக வைத்திருந்தான். அதே அமைப்போடு கேன்யன் சிட்டிக்கு இறங்கினால் காற்று கனத்துவிடும், பெட்ரோல் போதாது, எஞ்சின் தட்டும், பிஸ்டன் கருகும். கீழே உள்ள ஊருக்கு ஏற்றபடி துவாரத்தைப் பெரிதாக்கினால் இங்கே கரும்புகை கக்கும்.

"நடுவழியில நிறுத்தி மாத்தலாம்" என்றேன். "முன்னாடி எமில் அதத்தான் செய்வான்."

"அவனால இப்ப ஷூ லேஸ் கட்ட முடியல. குனிஞ்சா மூச்சு போகுது. வேற வழி சொல்லு."

"இருக்கு. கார்புரேட்டரத் தூக்கிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டணும். காத்து எவ்ளோ கனமா இருக்குன்னு சென்சார் பாக்கும். புகைக்குழாய்ல இன்னொரு சென்சார், எரிஞ்சது சரியான்னு மோந்து பாக்கும். கம்ப்யூட்டர் அதுக்குத் தகுந்தபடி பெட்ரோலத் தெளிக்கும். மலையேறினாலும் இறங்கினாலும் அதுவே பாத்துக்கும். ஆனா எமில் கிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

சொன்னாள். எமில் சொன்ன பதில், தன் கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "என் கார்புரேட்டர் மேல கைய வெச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்பதுதான். ஒடிக்க எழுந்தால் மூச்சு வாங்கும் என்பது இருவருக்கும் தெரியும். நோரீன் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு ஸ்பேனர் செட் வாங்கி வந்தாள்.

பனி உருகத் தொடங்கிய சமயம் இன்ஜெக்‌ஷன் பெட்டி வந்து இறங்கியது. கார்புரேட்டர் உட்காரும் இடத்திலேயே உட்காரும் அலுமினிய உடல், அதில் நான்கு இன்ஜெக்டர்கள், கைக்கு அடக்கமான ஒரு சின்னத் திரை, கற்றை கற்றையாக வயர். உள்ளேயே பம்பு பொருத்திய புதுப் பெட்ரோல் டாங்க் தனியாக வந்தது. நோரீன் எல்லாவற்றையும் கேரேஜ் தரையில் பரப்பினாள். வேலை முடிந்து வரும் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் போவேன். வெல்டிங் என்னுடையது, மற்றதெல்லாம் தானே செய்வேன் என்றாள்.

எமிலின் ஆக்சிஜன் குழாய் சமையலறையிலிருந்து கேரேஜுக்குத் திறக்கும் கதவு வரைதான் எட்டும். அந்தக் கதவில் ஒரு கண்ணாடி. பெட்ரோல் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் கூடாது என்று நோரீன் கதவைச் சாத்தியே வைப்பாள். அவன் அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். கத்த மூச்சு இல்லாததால் பீட்சா அட்டைகளில் தடிப் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் காட்டுவான். முதல் நாள் அட்டை: 'அது காரா, மைக்ரோவேவ் அடுப்பா?' மறுநாள்: 'சூப் சுட வைக்குமா கேளு.' எனக்கென்றே ஒன்று: 'ராய்ஸ், துரோகி.'

"படிக்காத. போல்ட்டப் பாரு" என்பாள் நோரீன்.

பழைய டாங்கைக் கழற்றியபோது துரு அவள் முகத்தில் கொட்டியது. பெட்ரோல் பைப்பு புதிதாக இழுத்தாள், திரும்பி வரும் பைப்பு ஒன்றும் சேர்த்து. வயர் விஷயத்தில் அவளுக்குப் பதற்றமில்லை. நடுப்பனியில் லாரி விளக்கு அணைந்தால் சாலையில் நின்று சரிசெய்து பழகியவள். ஸ்பார்க் பிளக் வயர்களிலிருந்து கம்ப்யூட்டர் வயரைத் தள்ளியே கொண்டுபோகவேண்டும் என்றேன். மட்கார்டுக்கு அடியில் கிளிப் போட்டு அழகாகக் கொண்டுபோனாள். நான் புகைக்குழாயில் துளை போட்டு, சென்சார் திருகும் வளையத்தை வெல்டு வைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றிய அன்றைக்கு மட்டும் அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. நான் பார்த்தேன். எமில் அட்டை ஏதும் பிடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான்.

முதல் முறை சாவி திருப்பியதும் பம்பு பின்னால் ஒரு நொடி முனகியது. அடுத்த திருப்பில் எஞ்சின் பற்றிக்கொண்டது. பெடலைத் தொடவேயில்லை. முன்பெல்லாம் இந்த ஊர்க் குளிரில் அதை எழுப்ப எமில் கெஞ்சுவான், திட்டுவான். நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். எமில் எழுதிக் காட்டினான்: 'டோஸ்டரும் உடனே சூடாகும்.'

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவள் வண்டியை ஊருக்குள் நாலு நாள் ஓட்டினாள். கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்ளும் என்று கையேட்டில் போட்டிருந்தது. கற்றுக்கொண்டதோ தலைகீழாக. நாளுக்கு நாள் பெட்ரோலை அதிகமாக ஊற்றியது. பின்குழாய் கரி பூசிக்கொண்டது. வாடை முன்பைவிட மோசம். நோரீன் வீட்டிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவியைக் கழற்றி, வண்டிக்குள் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தாள். விஷப்புகை எவ்வளவு என்று எண் காட்டும் வகை. கோர்ட் வாசலில் சிக்னலுக்கு நின்றபோது அது அலறியது.

அன்று மாலை எமில் கதவைத் திறந்தே பேசினான். "கம்ப்யூட்டருக்கு மூக்கு இல்ல, நோர். நான் முப்பது வருஷமா என் மூக்க வெச்சுதான் ட்யூன் பண்ணேன். வித்துடு. வந்த விலைக்குத் தள்ளிட்டு உன் காரியத்தப் பாரு. நான் இங்கயே கெடக்கேன்."

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப கதவ மூடு. குழாய் இங்க வரக்கூடாது."

எனக்கே நம்பிக்கை போய்விட்டது. சென்சார் பழுதாக இருக்கும், மாற்றிப் பார்க்கலாம் என்றேன். மாற்றினோம். அதேதான். வண்டியைச் சில நாள் அப்படியே விடலாம், கோடைக்குப் பின் பார்க்கலாம் என்றேன்.

"கோடைக்குப் பின்னாடி பனிக்காலம், ராய்ஸ்" என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பெட்டி அனுப்பியவர்களின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். நெடுநேரம் காத்திருந்தபின் எடுத்த பெண் ஒரே கேள்வி கேட்டாள்: சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் எங்காவது ஓட்டை இருக்கிறதா? ஓட்டை இருந்தால் அது வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும். கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும், ஊற்றிக்கொண்டே இருக்கும்.

நோரீன் என் கடையிலிருந்து வேக்கூம் கிளீனரை எடுத்துப்போய், காற்றை ஊதும் பக்கத்துக் குழாயைப் பின்சைலன்சரில் சொருகித் துணியால் கட்டினாள். எஞ்சின் குளிர்ந்திருந்தது. வாளியில் பாத்திர சோப்பைக் கரைத்து, பெயிண்ட் பிரஷால் குழாய் முழுக்கத் தடவிக்கொண்டே வந்தாள். இணைப்புகளில் ஒன்றுமில்லை. என் வெல்டிலும் ஒன்றுமில்லை, அதில் நான் கொஞ்சம் நிம்மதியானேன். கடைசியில், எஞ்சினையொட்டி வார்ப்பிரும்பில் இருக்கும், புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டின் பின்பக்கம், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள உள்தடுப்புச் சுவரை ஒட்டிக் கை மட்டுமே நுழையும் இடத்தில் பிரஷை விட்டாள். விளக்கை அடித்துப் பார்த்தோம். சோப்பு நுரை குமிழ் குமிழாகக் கிளம்பி வந்தது. முடி மாதிரி ஒரு விரிசல், ஆனால் நீளமானது. அதற்கு மேலேயே உள்தடுப்பில் ஹீட்டர் குழாய் போகும் ஓட்டை, அதன் ரப்பர் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.

நோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது இன்னிக்கி வந்த விரிசல் இல்ல" என்றாள். "உள்ள பாரு, கரி எவ்ளோ ஏறியிருக்கு. வருஷக்கணக்கா இருக்கு. புகை நேரா அவன் காலடியிலதான் ஏறியிருக்கு."

எமிலிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் எதிர்பார்த்த வெளிச்சம் அல்ல.

"அப்ப கார்புரேட்டர் மேல தப்பில்ல" என்றான். "என்னைய மூச்சடைக்க வெச்சது அந்த விரிசல்தான். மேனிஃபோல்ட மாத்துங்க, ஓட்டைய அடைங்க. அப்புறம் அந்த டப்பாவக் கழட்டிட்டு என் கார்புரேட்டரப் போடுங்க. நான் வரேன்."

நோரீன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"சரி" என்றாள். "போடறேன். எந்த ஜெட்டு போடட்டும்? இந்த ஊருக்கா, கேன்யன் சிட்டிக்கா?"

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான்.

"இந்த ஊருக்குப் போட்டா பாதி வழியில சலைடா தாண்டி எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். அங்க நிறுத்தி மாத்தணும். யாரு மாத்துவா? உன் கை நடுங்குது. நான் மாத்தக் கத்துக்கறேன்னு சொன்னாலும், அப்ப மேல எழும்பற பெட்ரோல் வாடைக்குப் பக்கத்துல நீ ஆக்சிஜனோட உக்காந்திருப்ப. நீ மெக்கானிக்கு எமில். நான் சொல்லணுமா, நீயே யோசி. எதப் போடணும்னு சொல்லு, அதப் போடறேன்."

பூயெப்ளோவில் பழைய உதிரிபாகக் கடைக்காரன் ஒருவனிடம் அதே மாடல் மேனிஃபோல்ட் இருந்தது. நான் போய் எடுத்து வந்து, வெடிப்பு இல்லை என்று சோதித்து, மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கினேன். நோரீன் பழையதைக் கழற்றும்போது ஒரு போல்ட் தலை முறிந்தது. அதை எடுக்கவே ஒரு மாலை போனது. அவள் மூட்டுகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நிறுத்தலாமா என்றேன். கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

அப்போது கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. எமில் ஓர் அட்டை பிடித்திருந்தான். 'சூடு காட்டித் திருகு. மெழுகு வை.' பழகிய கை செய்யும் உபாயம்தான். மெழுகுவர்த்தி தேடிக் கொண்டுவந்தேன். சூடான போல்டில் மெழுகு உருகி இழைக்குள் இறங்கியது. போல்ட் அசைந்தது. திரும்பிப் பார்த்தபோது அவன் கதவை ஒரு விரல் அளவு திறந்து, கீழ் இடுக்கு வழியாகத் தன் கருவிப்பெட்டிச் சாவியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நோரீன் எடுத்துக்கொண்டாள். கார்புரேட்டரைப் பற்றி அவன் பிறகு கேட்கவேயில்லை.

புது மேனிஃபோல்ட் ஏறியபின் நோரீன் கம்ப்யூட்டர் கற்றதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். இந்த முறை அது சரியாகக் கற்றுக்கொண்டது. பின்குழாயில் வெள்ளைத் துணி வைத்து எடுத்தால் துணி வெள்ளையாகவே வந்தது. எச்சரிக்கைக் கருவியைத் தொங்கவிட்டு, ஜன்னலெல்லாம் ஏற்றிவிட்டு, அவள் தனியாக ட்வின் லேக்ஸ் வரை போய்த் திரும்பினாள். கருவி சுழியத்தை விட்டு நகரவில்லை. அதைக் கழற்றி எமில் மடியில் போட்டாள்.

"உனக்கு மூக்குதான் நம்பிக்கைன்னா, வந்து மோந்து பாரு."

அவன் கையடக்க ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு எஞ்சின் ஓட முற்றத்தில் நின்ற வண்டியில் ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தான். "பழைய சீட்டு வாடைதான் அடிக்குது" என்றான். பிறகு, "எஞ்சின் டைமிங் கொஞ்சம் பின்னால இருக்கு. ராய்ஸ், உனக்குக் காது கேக்கலயா?" என்றான்.

ஜூன் கடைசியில் ஒரு காலை அவர்கள் புறப்பட்டார்கள். சாமான்களை என் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் போனேன். நோரீன் ஓட்டினாள். ஆர்கன்ஸா ஆற்றோடு சாலை இறங்க இறங்க மரங்கள் மாறின. பியூனா விஸ்டாவில் நிறுத்தி நான் அருகில் போனபோது எமில் அந்தச் சின்னத் திரையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராய்ஸ், இது என்ன பண்ணுதுன்னு பாத்தியா?" என்றான். "கிரானைட் ஊரு தாண்டினதும் பெட்ரோலக் கொஞ்சம் ஏத்துச்சு. இங்க வரதுக்குள்ள இன்னும் ஏத்தியிருக்கு. நான் ரோட்டோரம் உக்காந்து ஒரு மணி நேரம் பண்ற வேலய இந்தச் சனியன் கேக்காமலே பண்ணுது."

"டோஸ்டர்" என்றாள் நோரீன்.

"வாய மூடு" என்றான், ஆனால் திரையை விடவில்லை.

சலைடாவில் பெட்ரோல் போட்டுவிட்டு பர்கர் சாப்பிட்டோம். நல்ல வெயில். பழைய நாட்களில் இந்தச் சூட்டில் நிறுத்தினால் பைப்பில் பெட்ரோல் கொதித்து வண்டி கிளம்பாது. பானட்டைத் தூக்கிவைத்து ஆறும் வரை காத்திருப்பது வழக்கம். எமில் தன்னையறியாமல் பானட்டைத் தூக்கப் போனான். நோரீன் சாவியை நீட்டினாள்.

"நீ கிளப்பு" என்றாள்.

"நானா?"

"மூச்சு எப்படியிருக்கு?"

அவன் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியை மாட்டிப் பார்த்தான், திரும்பவும் பார்த்தான், எங்களுக்கும் காட்டினான். லெட்வில்லில் சிலிண்டர் திறந்திருந்தும் அவ்வளவு உயர்ந்த எண் வந்ததில்லை. "மூச்சு இருக்கு" என்றான்.

சாவி திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. சலைடாவுக்குக் கீழே மலை இடுக்கில் சாலை ஆற்றோடு வளைந்து வளைந்து போகும். எமில் ஓட்டினான். பின்னால் டிரெய்லரோடு போன எனக்கு அவன் பிரேக் விளக்கு அபூர்வமாகவே தெரிந்தது. டெக்சஸ் க்ரீக் தாண்டி ஒரு நேர்ப்பாதை வந்தது. அந்த வண்டி ஒரு தடவை நன்றாக உறுமியது. நோரீனின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து வேகத்தைக் குறை என்று கதவைத் தட்டுவது தெரிந்தது. அவன் குறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

கேன்யன் சிட்டியில் அவர்கள் பார்த்திருந்த வீட்டின் முன் வந்து நின்றபோது அவன் இறங்கித் தானே நடந்து வாசற்படி ஏறினான். மேலே போய்த் திரும்பி, "இந்த ஊர்ல வெயிலு நரகம்" என்றான். அதுதான் அவன் முதல் புகார். பிறகு நிறைய வந்தன. காட்டன்வுட் மரத்துப் பஞ்சு பறந்து கண்ணில் விழுகிறது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, காப்பி சரியில்லை. புகார் சொல்ல மூச்சு இருந்தது.

அங்கே வந்தபின் தூங்கும்போது மட்டும்தான் அவனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. நோய் ஒன்றும் போய்விடவில்லை. போகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த பனிக்காலத்தைப் பார்த்தான், அதற்கடுத்ததையும். நோரீன் அங்குள்ள கவுண்டியில் லாரி வேலை வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் நான் பார்க்கப் போனபோது, தெருக்கோடியில் இருக்கும் ரோலண்ட் என்பவன் தன் பழைய ஃபோர்டு பிக்கப்பை அவர்கள் வாசலில் நிறுத்தியிருந்தான். கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் போடலாமா என்று எமிலிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக் கேக்காத" என்றான் எமில், நாற்காலியிலிருந்து எழாமல். "உள்ள இருக்கா பாரு, அவளக் கேளு. ஆனா முதல்ல உன் மேனிஃபோல்டுல சோப்புத் தண்ணி அடிச்சுட்டு வா. இல்லாம வந்தா திட்டுவா."